இழை அறுந்த இடம்



ஒரு வீட்டில் இரண்டு கணிப்பொறிகள் இருக்கின்றன. ஒன்றில் உள்ள கோப்பை மற்றொன்றில் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டிலும் இணையம் தங்குதடையின்றி வருகின்றது. ஆயினும் ஒன்று மற்றொன்றைக் காண மறுக்கின்றது. கடல் கடந்த நாட்டு நூலகத்தின் ஏட்டை நொடிப்பொழுதில் கொணர்ந்து தரும் இயந்திரம், அடுத்த அறையில் இருக்கும் ஏட்டைக் கொணர இயலாமல் திகைத்து நிற்கின்றது. இவ்விந்தை ஏன் நிகழ்கின்றது, இதன் காரணத்தை எவ்வாறு முறையாகத் தேடிக் காண்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

நான் வாழும் ஊர் குமாரபாளையம். காவிரியின் கீழ்க்கரையில் எங்கள் ஊர், மேல்கரையில் பவானி. சேலம் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 1997-ஆம் ஆண்டு நாமக்கல் மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சேர்ந்தது. தெருவுக்குத் தெரு விசைத்தறியின் ஓசை கேட்கும் ஊர் ஆகையால், என் பேச்சுக்கு வேண்டிய உவமையைத் தேடி நான் வெளியே போக வேண்டியதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் தறியில் ஓர் இழை அறுந்துவிட்டால் நெசவாளர் என்ன செய்கிறார்? பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. தறியைப் பிரித்துப் போடுவதுமில்லை. தறியை நிறுத்துகிறார். பாவு சுற்றிய உருளையிலிருந்து விழுதின் கண் வரையில், விழுதிலிருந்து அச்சு வரையில், அச்சிலிருந்து துணி வரையில் இழை செல்லும் வழியை ஒழுங்காகத் தொடர்ந்து பார்க்கிறார். அறுந்த இடம் தெரிகிறது. அங்கே ஒரு முடிச்சு. தறி மீண்டும் ஓடுகிறது. ஆயிரக்கணக்கான இழைகளுக்கிடையே ஒன்றைக் கண்டுபிடிக்க உதவுவது கண்ணின் கூர்மை மட்டுமன்று. இழை எந்த வரிசையில் செல்கிறது என்னும் அறிவே ஆகும்.

கணிப்பொறி வலைக்கும் இதுவே முறை. கோப்பு செல்லும் வழியை வரிசையாக அறிந்தவருக்குப் பழுது அகப்படும். அறியாதவர் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்திப் பார்ப்பார்.

வழியை அறியுமுன் வரலாற்றைச் சற்றே காண்போம். பகிர்ந்துகொள்ளும் ஆசை கணிப்பொறிக்கு முன்பே நெசவில் தோன்றியதுதான். பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மேரி ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டில் அமைத்த தறியில், துளையிட்ட அட்டைகள் பூவேலையை நடத்தின. துளை உள்ள இடத்தில் பாவிழை மேலெழும். இல்லாத இடத்தில் எழாது. அந்த அட்டைக் கட்டை மற்றொரு தறிக்கு எடுத்துச் சென்று மாட்டினால் அங்கேயும் அதே பூ மலரும். ஒரு கோப்பை ஓர் இயந்திரத்திலிருந்து வேறோர் இயந்திரத்திற்கு மாற்றுவது என்பதன் முன்னோடி அதுவே என்று சொல்லலாம்.

கணிப்பொறிகளைக் கம்பியால் பிணைக்கும் ஈதர்நெட் என்னும் முறையை, 1973-ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் சீராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெட்கால்ப் வகுத்தார். டேவிட் பாக்ஸ் துணை நின்று உருவாக்கினார். பாதை அமைந்தது, பாதையில் பேசுவதற்கு ஒரு மொழி வேண்டும் அன்றோ? 1980-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பேரி ஃபைகன்பாம் அத்தகைய மொழி ஒன்றை வகுத்தார். எஸ்.எம்.பி. என்று அதனைச் சுருக்கமாக அழைப்பர். “இந்தக் கோப்பைத் திற, இந்தப் பகுதியைப் படி, இதனை எழுது, மூடு” என்று ஒரு கணிப்பொறி மற்றொன்றிடம் கேட்பதற்கும், அது விடை கூறுவதற்கும் உரிய ஒழுங்குமுறை அது. விண்டோஸ் கணிப்பொறிகள் இன்றளவும் அம்மொழியின் வளர்ந்த வடிவத்திலேயே கோப்புகளைப் பகிர்கின்றன.

மாணவர்கள் அறிய வேண்டிய மற்றொரு செய்தி இங்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் ஆய்வு மாணவராக இருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர், 1991-92-ஆம் ஆண்டுகளில், இரண்டு கணிப்பொறிகள் தமக்குள் பரிமாறிக்கொண்ட செய்திகளை ஒட்டுக்கேட்டு, அவற்றிலிருந்தே அம்மொழியின் இலக்கணத்தை உய்த்துணர்ந்து ஒரு நிரலை எழுதினார். பின்னர் அதற்குப் பெயர் வேண்டியிருந்தது. எஸ், எம், பி என்னும் மூன்று எழுத்துகளும் அவ்வரிசையில் வரும் சொல்லை அகராதியில் தேடி, ‘சாம்பா’ என்று பெயரிட்டார். லினக்ஸ் கணிப்பொறியும் விண்டோஸ் கணிப்பொறியும் ஒன்றோடொன்று கோப்பு மாற்றிக்கொள்வது இந்தச் சாம்பாவின் உதவியால்தான். ஒருவர் பொறுமையோடு உற்றுக்கேட்டதன் பயன் உலகுக்கெல்லாம் ஆயிற்று.

இனி, கோப்பு செல்லும் வழியைக் காண்போம். இதனை ஐந்து படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம்: பாதை, முகவரி, பெயர், வாயில், அனுமதி.

முதற்படி பாதை. கம்பியோ வைஃபை அலையோ உண்மையில் இணைந்திருக்கின்றதா? எதிர்ப்பக்கத்துக் கணிப்பொறி விழித்திருக்கின்றதா? மின்சாரத்தை மிச்சப்படுத்த உறக்கத்தில் ஆழ்ந்துவிட்ட கணிப்பொறியைத் தட்டிக்கொண்டிருப்பவர் பலர்.

இரண்டாம் படி முகவரி. வலையில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஓர் எண் முகவரி உண்டு. வீட்டு வலைகளுக்கென்று சில எண் தொகுதிகள் 1996-ஆம் ஆண்டு ஒரு பொது ஆவணத்தில் ஒதுக்கி வைக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவ்வாறு ஒதுக்கப்பட்டவையே. இவற்றை வழங்குவது ரூட்டர் என்னும் பெட்டி. வீட்டு வலைகளில் பெரும்பாலும் முதல் மூன்று எண்கள் வலையையும், நான்காம் எண் கணிப்பொறியையும் குறிக்கும். தெருவும் கதவிலக்கமும் போல. 169.254 என்று தொடங்கும் முகவரி ஒன்று உங்கள் கணிப்பொறியில் காணப்பட்டால், அதற்கு முகவரி வழங்க ஒருவரும் முன்வரவில்லை, தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள்.

மூன்றாம் படி பெயர். எண்ணை நினைவில் வைத்தல் மனிதருக்கு அரிது. ஆதலால் கணிப்பொறிகளுக்குப் பெயரிடுகிறோம். பெயரைச் சொன்னால் எண்ணைக் கண்டறியும் ஏற்பாடு வலையில் இருக்க வேண்டும். பெயரால் அழைத்தபோது திறவாதது எண்ணால் அழைத்தபோது திறந்தால், பழுது பெயர்ப் படியில்தான் உள்ளது என்று உறுதியாகக் கூறலாம்.

நான்காம் படி வாயில். கணிப்பொறிக்குப் பல வாயில்கள். அவை எண்களால் குறிக்கப்படும். கோப்புப் பகிர்வுக்குரியது 445-ஆம் வாயில். வாயிலில் பயர்வால் என்னும் காவலாள் நிற்கிறான். நீங்கள் இணைந்திருப்பது பொதுவிடத்து வலை என்று விண்டோஸ் எண்ணினால், காவலாள் எவரையும் உள்ளே விடமாட்டான். தனி வலை என்று அதற்கு அறிவித்துப் பகிர்வையும் இயக்கினால், வீட்டாருக்கு வழிவிடுவான்.

ஐந்தாம் படி அனுமதி. வந்திருப்பவர் யார், அவருடைய கடவுச்சொல் சரியா, கேட்கும் கோப்புறையைப் பார்க்க மட்டும் உரிமையா, மாற்றவும் உரிமையா என்பவை இங்கே ஆராயப்படும். விண்டோஸில் இதற்கு இரண்டு பூட்டுகள்: பகிர்வுக்கென ஒன்று, கோப்புறைக்கென மற்றொன்று. இரண்டில் எது கடுமையானதோ அதுவே நிற்கும்.

கணிப்பொறி மறுக்கும்போது வாய் மூடி மறுப்பதில்லை; ஒரு வாசகத்தைத் திரையில் காட்டுகின்றது. அவ்வாசகத்தைப் படியாமலே மூடிவிடுவது நம்மிற் பலருடைய வழக்கம். “வலைப்பாதை காணப்படவில்லை” என்றால், அதன் பிழை எண் 53. இழை முதல் நான்கு படிகளுள் ஒன்றில் அறுந்திருக்கின்றது. “பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு” என்றால், எண் 1326. “அனுமதி மறுக்கப்பட்டது” என்றால், எண் 5. பின்னிரண்டும் ஒரு வகையில் நற்செய்திகளே. நீங்கள் வீட்டின் கதவு வரை சென்றுவிட்டீர்கள். பாதையும் முகவரியும் வாயிலும் சரியாக உள்ளன. இனி ஆராய வேண்டியது ஐந்தாம் படி ஒன்றே என்று அவை கூறுகின்றன. நூறு ஐயங்களில் எண்பதை ஒரு வாசகம் நீக்கிவிடுகின்றது.

நான் நேரிற் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கொண்டு இம்முறையை விளக்குகிறேன். எங்கள் ஊரில் ஒரு தறிக்கார வீடு. முன்கட்டில் கணக்கும் பட்டியலும் எழுதும் கணிப்பொறி. பின்புறம் உள்ள தறிக்கொட்டகையில் கரையும் பூவும் வரையும் கணிப்பொறி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வடிவங்களைப் பென்டிரைவில் சுமந்து சென்றுகொண்டிருந்தார்கள். சுமப்பதில் ஒரு தொல்லை உண்டு. ஒரே கோப்புக்குப் பல படிகள் உண்டாகிவிடும். வியாபாரி திருத்தம் சொல்லியனுப்பிய புதிய கரை முன்கட்டிலேயே தங்கிவிட, கொட்டகையில் பழைய படியைக் கொண்டு ஒரு பாவு முழுவதையும் நெய்து முடித்துவிட்டார்கள். நூலும் கூலியும் நாட்களும் வீணாயின. இனி ஒரே கோப்பை இரு கணிப்பொறிகளும் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். ஆனால் முன்கட்டுக் கணிப்பொறி கொட்டகைக் கணிப்பொறியைக் காணவில்லை.

நான் போவதற்கு முன்பே மருந்துகள் பல கொடுக்கப்பட்டிருந்தன. எவரோ கூறியபடி இரண்டு கணிப்பொறிகளிலும் பயர்வாலை அணைத்துவிட்டார்கள். கடவுச்சொற்களை நீக்கிவிட்டார்கள். எஸ்.எம்.பி. மொழியின் பழைய முதற்பதிப்பையும் தேடிப் பிடித்து இயக்கி வைத்திருந்தார்கள். நோயோ தீரவில்லை. கல்லூரியிற் பயிலும் அவ்வீட்டு மகள் என்னிடம் கேட்டாள்: “இரண்டிலும் இணையம் வருகிறதே ஐயா, பாதை சரியாக இருப்பதால்தானே வருகிறது? பிறகு இது மட்டும் ஏன் வரவில்லை?”

நல்ல கேள்வி. விடை இரண்டாம் படியில் இருந்தது. இரு கணிப்பொறிகளின் முகவரிகளையும் ஒரு தாளில் எழுதச் சொன்னேன். முன்கட்டில் 192.168.1.5, கொட்டகையில் 192.168.0.7. மூன்றாம் எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 1, மற்றொன்றில் 0. இரண்டும் வேறு வேறு தெருக்கள்! முன்கட்டில் இணைய இணைப்புடன் வந்த ரூட்டர் ஒன்று. அதன் வைஃபை அலை கொட்டகை வரை எட்டாமையால் இரண்டாம் ரூட்டர் ஒன்றை வாங்கிக் கொட்டகையில் வைத்திருந்தார்கள். அது தனக்கென்று ஒரு தனித் தெருவையே அமைத்துவிட்டது.

இத்தகைய அமைப்பில் ஒரு வியப்பைக் காணலாம். கொட்டகையிலிருந்து முன்கட்டை அழைத்தால் விடை வரும். முன்கட்டிலிருந்து கொட்டகையை அழைத்தால் வராது. உள்ளே இருப்பவர் வெளியே செல்ல ரூட்டர் வழிவிடுகின்றது. வெளியிலிருந்து தானாக வருபவரை விடுவதில்லை. இணையமும் அவ்வாறே, உள்ளிருந்து நாம் கேட்டுப் பெறுவது அது. ஆகவே இணையம் வருவதைக் கொண்டு அண்டை அறைக்குப் பாதை உண்டு என்று கொள்ளுதல் பிழை. பிங் என்னும் சிறு கட்டளையால் இரு திசைகளிலும் அழைத்துப் பார்த்தபோது, அந்த வீட்டிலும் இது மெய்யாயிற்று. பிங் என்பது 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மைக் மூஸ் என்னும் அமெரிக்கர் எழுதியது. “இருக்கிறாயா?” என்று கேட்பது ஒன்றே அதன் வேலை. பயர்வால் சில வேளைகளில் அதற்கு விடை தராது; எனவே விடை வந்தால் பாதை உண்டு என்பது உறுதி; வராவிட்டால் பாதை இல்லை என்பது உறுதியன்று. இந்த வேறுபாட்டை மாணவர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

மருந்து எளியது. இரண்டாம் ரூட்டர் முகவரி வழங்கும் வேலையை நிறுத்தினோம். அதற்கு 192.168.1.2 என்று, வேறு எதற்கும் வழங்கப்படாத ஒரு முகவரியை முதல் தெருவிலேயே கொடுத்தோம். பின்னர், இணையத்துக்குரிய துளையில் செருகியிருந்த கம்பியை எடுத்து, வீட்டுக் கணிப்பொறிகளுக்குரிய துளையில் செருகினோம். இரண்டாம் ரூட்டர் தனிக்குடித்தனத்தை விட்டுக் கூட்டுக் குடும்பத்தில் சேர்ந்தது. கொட்டகைக் கணிப்பொறியை மீண்டும் இயக்கியபோது அதற்கு 192.168.1.8 என்னும் முகவரி கிட்டியது. இரண்டும் ஒரே தெருவுக்கு வந்துவிட்டன.

அத்துடன் வேலை முடிந்ததா? இல்லை. முன்பு கொடுத்த மருந்துகளையெல்லாம் முதலில் திரும்பப் பெற்றோம். பயர்வாலை இயக்கினோம், வலையைத் தனி வலை என்று இரு கணிப்பொறிகளிலும் குறித்தோம், பழைய முதற்பதிப்பை நீக்கினோம், கடவுச்சொல்லையும் மீட்டு வைத்தோம். பின்னர் அழைத்தபோது வேறொரு வாசகம் தோன்றியது: பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. வீட்டார் முகம் வாடியது. நானோ மகிழ்ந்தேன். 53 போய் 1326 வந்துவிட்டது. நான்கு படிகளைக் கடந்துவிட்டோம்!

இங்கே காரணம் யாது? அவர்கள் தந்துகொண்டிருந்தது கணிப்பொறியைத் திறக்க நாள்தோறும் அழுத்தும் நான்கு இலக்கப் பின் எண். அந்த எண் அந்த இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவருக்கு மட்டும் உரியது. வலை வழியே வருபவருக்குச் செல்லாது. கணக்கின் முழுக் கடவுச்சொல்லே வேண்டும். கடவுச்சொல்லே இல்லாத கணக்கையும் விண்டோஸ் இயல்பாக வலை வழியே ஏற்பதில்லை. ஆகவே கடவுச்சொல்லை நீக்கியது, பூட்டை உடைத்ததாகவும் ஆயிற்று. கதவைத் திறவாததாகவும் ஆயிற்று. பகிர்வுக்கென்று கொட்டகைக் கணிப்பொறியில் தனிக் கணக்கு ஒன்றை ஏற்படுத்தி, அதற்கு வலிய கடவுச்சொல் ஒன்றைக் கொடுத்து, வடிவங்கள் உள்ள ஒரே கோப்புறையை மட்டும் அதற்குத் திறந்துவிட்டோம். முன்கட்டில் கரை வடிவங்கள் வரிசையாகத் தோன்றின. ஒரு நோய்க்கு ஒரே காரணம் என்று எண்ணியிருந்தால், முதல் மருந்து பலிக்கவில்லை என்று மயங்கி, சரியாகச் செய்ததையும் கலைத்திருப்போம்.

கொட்டகைக் கணிப்பொறியின் முகவரி நாளை மாறிவிடாதிருக்க, அதற்கென்று அம்முகவரியை ரூட்டரில் ஒதுக்கி வைத்தோம். பகிர்வது வேறு, படியெடுத்துக் காப்பது வேறு என்பதையும் அவர்களுக்கு எடுத்துரைத்தேன். பகிர்ந்த கோப்பு ஒன்றே; அது அழிந்தால் இருவருக்கும் அழிந்ததே. எனவே வாரம் ஒரு முறை தனி வட்டு ஒன்றில் படியெடுத்து, அதனைக் கழற்றி வைக்கும் வழக்கத்தை மேற்கொண்டார்கள்.

பழைய முதற்பதிப்பை நீக்குவதில் நான் ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்று கேட்பீர்கள். 2017-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள், வன்னாக்ரை என்னும் தீய நிரல் ஒன்று உலகெங்கும் பரவத் தொடங்கியது. எஸ்.எம்.பி. முதற்பதிப்பில் இருந்த ஓட்டை வழியே அது நுழைந்தது. ஒரு கணிப்பொறியைப் பற்றியதும், அதே வலையில் உள்ள மற்றவற்றின் 445-ஆம் வாயிலைத் தானே தட்டிச் சென்றது. சென்ற இடத்தில் கோப்புகளையெல்லாம் படிக்க முடியாதபடி பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சிகிச்சை தள்ளிப்போயிற்று. இத்தனைக்கும், அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏற்றுக்கொள்ளாதவர்களே பெரிதும் அல்லற்பட்டனர். அவ்வாண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அம்முதற்பதிப்பு இயல்பாகச் சேர்க்கப்படுவதில்லை.

இதனால் ஒரு விளைவும் உண்டு. வலையில் உள்ள கணிப்பொறிகளின் பட்டியலைத் திரட்டித் தந்த பழைய ஏற்பாடு அம்முதற்பதிப்பையே சார்ந்திருந்தது. அதுவும் உடன் போயிற்று. எனவே பட்டியலில் ஒரு கணிப்பொறி தோன்றவில்லை என்பதற்காக அது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பெயரையோ முகவரியையோ நேராக எழுதி அழைத்துப் பார்க்க வேண்டும். இவ்வாறே, 2024-இல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பில், ப்ரோ போன்ற வகைகளில், பெயர் சொல்லாத விருந்தினராகப் பிற கணிப்பொறிகளுக்குள் நுழைவது இயல்பாக நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் வேண்டும் என்னும் விதியும் வந்தது. நேற்றுவரை திறந்த பழைய சேமிப்புப் பெட்டி இன்று திறக்கவில்லை என்றால், காரணம் இதுவாக இருக்கலாம். அப்போது செய்யத்தக்கது, அப்பெட்டியைப் புதுப்பித்து அதில் பெயரும் கடவுச்சொல்லும் உள்ள கணக்கை ஏற்படுத்துவதே, காவலைத் தளர்த்துவதன்று.

நண்பர்களே, பழுது நேர்ந்த வேளையில் நம்மிடம் உண்டாகும் பதற்றம் இயல்பானது. தறி நின்றால் கூலி நிற்கும். கணிப்பொறி நின்றால் பாடமோ பட்டியலோ நிற்கும். அப்பதற்றத்தில் காவலை நீக்குவதே தீர்வு என்று எவரேனும் கூறினால், மனம் உடனே இணங்கும். காவலைச் சோதனைக்காகச் சில நிமிடங்கள் விலக்கிப் பார்ப்பதில் பயன் உண்டு. அதுவும் நம் வீட்டு வலைக்குள் மட்டும். சோதனை முடிந்ததும் அதனை மீண்டும் இயக்க மறந்தால், சோதனையே நோயாகிவிடும். நான் சொன்ன வீட்டில் பல ஆண்டுகளின் கரை வடிவங்கள் அனைத்தும் காவலின்றிக் கிடந்தன. வன்னாக்ரை போன்ற ஒன்று அவ்வேளையில் ஒரு பென்டிரைவின் வழியாகவேனும் வந்திருந்தால், வீணாவது ஒரு பாவுடன் நின்றிராது.

ஆதலால் உங்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ விடுதியிலோ உள்ள வலையை ஒரு தாளில் படமாக வரையுங்கள். எந்தப் பெட்டி எங்கே இருக்கிறது, எந்தக் கம்பி எந்தத் துளையில் செருகப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றின் முகவரி என்ன என்று குறியுங்கள். பழுது நேரும்போது திரையில் தோன்றும் வாசகத்தை எழுத்துப் பிசகாமல் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மாற்றத்தைச் செய்யுங்கள். செய்ததைக் குறித்து வையுங்கள். பயன் தரவில்லையாயின் முன்பிருந்த நிலைக்குத் திருப்பிவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். இப்பழக்கம் கணிப்பொறிக்கு மட்டும் உரியதன்று. ஆய்வுக்கூடத்தில் சோதனை தவறும்போதும், கணக்கில் விடை பிறழும்போதும், இறைப்பான் நீரேற்றாதபோதும் கைகொடுப்பது இதுவே. எங்கள் ஊர்த் தறிக்காரர்களுக்கு இதனை எவரும் பள்ளியில் கற்பிக்கவில்லை; நாள்தோறும் அறுந்த இழையே அவர்களுக்குக் கற்பித்தது.